மூன்று நாள் மிச்சம்

எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடை அண்ணாச்சியிடம்தான் நான் பொருளாதாரம் படித்தேன். எடுத்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்வார். ஒரு மணி நேரம் என்று சொல்லி எடுத்ததை அரை மணியில் கொண்டுவந்து நிறுத்தினால் அரை மணிக்குத்தான் காசு. சீக்கிரம் விடுகிறவன் நல்ல பையன். இந்த ஒரே பாடத்தை நம்பி, நாற்பது வருடம் கழித்து, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஒரு கார் எடுத்தேன்.

பதிவு செய்தபோது திரையில் இரண்டு விலை. அப்புறம் கட்டினால் நாளுக்கு 59 டாலர், இப்போதே கட்டினால் 52. ஏழு நாளைக்கு 49 டாலர் லாபம்! கத்திரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் நிற்கிற ஆள் நான். அந்த 49-ஐ ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். தூங்குமுன், நிபந்தனைகளைப் படித்துவிட்டதாகக் கட்டத்தில் டிக் போட்டேன். எத்தனையாவது பொய் என்று கணக்கில்லை.

நெடுஞ்சாலை 1-இல் கடலோரமாகவே லாஸ் ஏஞ்சல்ஸ் போவதாகத் திட்டம். பிக் சர் வளைவுகளில் மனைவியின் எலுமிச்சம்பழம் தோற்றது. திரும்பிவிட்டோம். நான்காம் நாளே வண்டியை விடக் கிளம்பினேன். மூன்று நாள் மிச்சம், 156 டாலர் கைக்கு வரும்.

கவுண்டர் பெண் பொறுமையாகச் சொன்னாள். முன்பணம் கட்டிய வண்டியில் ஓட்டாத நாளுக்குப் பணம் திரும்பாது. "அப்புறம் கட்டுற விலையில எடுத்திருந்தா?" என்று மடக்கினேன். வாரக் கட்டணம் வாரம் முழுக்க வைத்திருப்பவருக்கு, நடுவில் விட்டால் நாள் கட்டணத்துக்கு மாற்றிவிடுவோம் என்றாள். நாலு நாள் பில் ஏழு நாள் பில்லைத் தாண்டுவதும் உண்டாம். சில கம்பெனிகளில் சீக்கிரம் விட்டதற்கென்றே தனியாக ஒரு தொகை. அண்ணாச்சி கேட்டால் கடையை மூடியிருப்பார்.

யோசித்தால் அவள் பக்கம் நியாயம்தான். எந்த வண்டி என்றைக்கு வரும் என்று கணக்குப் போட்டு அடுத்தவருக்கு ஒதுக்குகிற வியாபாரம் அது. 49 டாலர் என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு அல்ல. மனசு மாறமாட்டேன் என்று எழுதிக்கொடுத்ததற்கான கூலி. மனைவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு மூன்று முறை மாற்றுகிறவன் நான் என்று.

இதையாவது வெளியே சொல்லலாம். பெட்ரோல் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வண்டி எடுக்கும்போதே முழு டாங்கிக்கும் பணம் கட்டியிருந்தேன், காலியாகவே விடலாம் என்பதற்காக. மிச்சமிருக்கும் பெட்ரோலுக்குப் பணம் கிடையாது என்றும் அப்போதே சொன்னார்கள். ஆனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பங்க் கண்ணில் பட்டதும் கை தானாக வண்டியைத் திருப்பிவிட்டது. வழிய வழிய நிரப்பித்தான் கொடுத்தேன்.

"பணம் வந்துச்சா?" என்றாள் மனைவி.

"ஒரு வாரம் ஆகுமாம்."

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை உஷார். நாலாம் நாளே வேலை முடிந்தும் காரை விடவில்லை. கட்டின காசுக்கு ஏழு நாளும் மச்சினன் வீட்டு வாசலில் நிற்கட்டும் என்று நிறுத்தினேன். ஆறாம் நாள் காலை தெருக் கூட்டுகிற வண்டி வருகிற நேரமாம். கண்ணாடியில் அபராதச் சீட்டு.

"பேசாம அன்னைக்கே விட்டிருக்கலாமே, அத்தான்" என்றான் மச்சினன்.

சீட்டை வாங்கிப் பார்த்த மனைவி கேட்டாள், "ஆமா, அந்த 156 டாலர் எப்ப வரும்?"