கடல் மட்டத்திலிருந்து ஒரு குருவி

வெள்ளைக்கண்ணிக் குருவியில் இலங்கையில் இரண்டு இனம். ஒன்று இந்தியாவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. மற்றது உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும், அதுவும் முக்கியமாக மலைநாட்டில். இரண்டுக்கும் பச்சை முதுகு, மஞ்சள் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தீவுக்காரனைப் பார்த்துவிட்டுத்தான் கொழும்பு திரும்புவது என்று நான் நுவரெலியா போனேன். மனுசி ஸ்ட்ராபெரி வாங்க வந்தாள், வாங்கியும் விட்டாள்.

தீவுக்காரனுக்கு முதுகுப் பச்சை சற்றுக் கடுமை, அலகு சற்றுப் பெரிசு என்கிறது புத்தகம். எதைவிடச் சற்று? மற்றவனையும் கூட்டிவந்து, கலியாணவீட்டுப் படத்துக்கு நிறுத்துவதுபோல் பக்கத்தில் நிறுத்தினால் சொல்லலாம். இந்தக் குருவிகளுக்கோ நிற்கிற பழக்கமே கிடையாது. கூட்டமாக வரும், இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி பொறுக்கும், பூவுக்குள் நாக்கை விட்டுத் தேன் குடிக்கும், நான் தொலைநோக்கியின் திருகைத் திருப்பி முடிப்பதற்குள் அடுத்த மரத்தில் போயிருந்து கீச்சிடும். விக்டோரியா பூங்காவில் அன்று நான் மிகத் தெளிவாகக் கண்டது இலைகளை. போதாக்குறைக்கு, குளிரில் என் மூச்சே கண்ணாடியில் படிந்து, காகத்துக்கும் வெள்ளை வளையம் போட்டுவிட்டது.

தீவுக்காரனுக்கு 1872-இல் பெயர் வைத்தவர் ஹோல்ட்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயர். மனுசன் இலங்கைக்கு வந்தது மன்னார்ப் பக்கத்து முத்துச்சிப்பிகளை ஆராய. சிப்பி பார்க்க வந்தவருக்குக் குருவி அகப்பட்டது. குருவி பார்க்க வந்த எனக்குக் கழுத்துப் பிடிப்பு. ஆனால் ஒன்று, அந்தக் காலத்து ஆட்கள் குருவியைச் சுட்டு மேசையில் போட்டுத்தான் அளந்தார்கள். செத்த குருவி எவ்வளவு மரியாதையாகக் கிடக்கும்!

கடைசியில் இரண்டு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரு வழிகாட்டி அந்தப் பக்கம் வந்தார். என் நிலையைப் பார்த்து இரங்கியிருப்பார் போலும். மரத்தை நிமிர்ந்தும் பாராமல், "இந்த உசரத்துல அநேகமா அதுதாங்க சார், மத்தது கீழ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நுவரெலியா 1,868 மீட்டர். உடனே குறிப்புப் புத்தகத்தில் குருவியின் பெயர், தேதி, இடம் எல்லாம் எழுதி அடிக்கோடும் போட்டேன். மனுசி எட்டிப் பார்த்தாள்.

"அதுதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"உயரத்தை வைச்சு."

"குருவியின்ர உயரமோ?"

"ஊரின்ர உயரம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப இதுக்குக் குருவியே தேவையில்லையே. கட்டிலில போர்த்துக்கொண்டு படுத்திருந்தே எழுதியிருக்கலாமே, இஞ்சேருங்கோ" என்றாள்.

அழித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனையால் எழுதித் தொலைத்திருந்தேன்.