ஆறு கொம்பு ரவுட்டர்

பழைய ரவுட்டருக்கு இரண்டு கொம்பு. புதியதற்கு ஆறு. மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி டிவி ஸ்டாண்டில் கிடக்கிறது. கொம்பு கூடினால் வேகம் கூடும் என்று நம்பி வாங்கினேன். கூடியது, பத்து நிமிடத்துக்கொரு தரம் நெட் போய்விடுவதுதான்.

சேவை மையத்துக்குப் போன் போட்டேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணியாச்சும்மா."

"முப்பது செகண்ட் வெயிட் பண்ணீங்களா?"

இருபதுதான் எண்ணியிருந்தேன். குற்றவாளி கிடைத்துவிட்டான்.

எதிர்வீட்டுத் தம்பி போனில் ஏதோ ஆப்பைத் திறந்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றாம். எங்கள் அடுக்ககமே ஆறில்தான் குடியிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்புக்கும் அதே அலைவரிசைதான். வீட்டில் சாம்பார் சூடாகும்போதெல்லாம் என் மேலதிகாரி திறந்த வாயோடு ஏன் உறைகிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினான். மீட்டிங் பிழைத்தது, படுக்கையறைச் சுவரைத் தாண்ட மட்டும் அதற்குத் தெம்பில்லை.

நெட் போவது நிற்கவில்லை.

நான்காம் நாள் லைன்மேன் வந்தார். ரவுட்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்துப் பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண்ணடிப்பதைப் பார்த்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டார். மஞ்சள் ஃபைபர் வயர், நான்காக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அழகாக.

"இதை யார் சார் மடிச்சது? கண்ணாடி இழை சார், இப்படி மடிச்சா வெளிச்சம் வழியிலேயே கசிஞ்சிடும்."

"பழசு நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.