நாலரை அடித் தடுப்பு

பாண்டியில் மூலக்குளத்தில் இறங்கி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் போனாலும் சரி, ரெட்டியார்பாளையம் பக்கம் திரும்பினாலும் சரி, சின்ன அலுவலகம் என்றால் அதில் ஒரு பொது சிஸ்டம் இருக்கும். காலையில் அதில் டெலிவரி சலான் அடிப்பார்கள், மதியம் ஜிஎஸ்டி கட்டுவார்கள், நாலு மணிக்கு யார் வீட்டுப் பிள்ளையின் ஸ்கூல் ப்ராஜெக்டோ கலர் பிரிண்டாக வரும், ஐந்தரைக்கு மேல் ஜாதகப் பொருத்தம். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் அதன் வாலில் ஒன்று இரண்டு மூன்றும். அதையும் மறந்துவிடுவார்களோ என்று மானிட்டரின் அடியில் சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒருநாள் ஒரு பைல் காணாமல் போகும், அல்லது போகக்கூடாத மெயில் ஒன்று போய்விடும். யார் செய்தது என்று கேட்டால் சிஸ்டம் தெளிவாகப் பதில் சொல்லும்: அட்மின். இந்த அட்மினுக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, பிஎஃப் பிடித்தம் இல்லை, தீபாவளி போனஸ் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் நடக்கும் எல்லாத் தப்பையும் ஒற்றை ஆளாக அவர்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இதற்கு வழக்கமான மருந்து சர்க்குலர். அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அடித்துச் சுவரில் ஒட்டுவது. (அதை அடித்தவரும் அட்மின்தான்.) சர்க்குலரின் வீரியம் எவ்வளவு என்பதற்கு வங்கித் துறையே சாட்சி. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை ஒன்றில் நடந்த மோசடி 2018 பிப்ரவரியில் வெளிவந்தபோது, தொகை 11,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு, வங்கியின் கணக்குப் புத்தகத்தோடு இணைக்கப்படாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் பாஸ்வேர்டுகள் கைமாறின என்பது விசாரணையில் எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. இப்படி நடக்கலாம் என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி பிறகு அறிக்கை விட்டது. ரிசர்வ் வங்கியின் சர்க்குலருக்கே இந்தக் கதி என்றால், செல்லோடேப்பில் தொங்கும் நம் சர்க்குலரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

என் கட்சி இது: பொதுக் கணினியில் என்ன பார்க்கிறார்கள் என்பதைவிட, பார்ப்பது யார் என்று தெரியாமலிருப்பதுதான் பெரிய ஆபத்து. அதைத் தீர்க்க வேண்டியவர் சூப்பர்வைசர். சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனி அல்ல. நாம் எல்லாரும் மறந்துவிட்ட பிரவுசிங் சென்டர்காரரை நினைத்துப் பாருங்கள். 2011-ல் மத்திய அரசு அவருக்கென்றே விதிகள் போட்டது. வருபவரிடம் அடையாள அட்டை பார்க்க வேண்டும். யார், எந்தக் கணினியில், எப்போது உட்கார்ந்து எப்போது எழுந்தார் என்று எழுதி ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்பு வைத்தால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பில்லாத கணினியின் திரை பொதுவெளியைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவரிடம் ஐடி கார்டு கேட்ட இந்த நாட்டில்தான், ஒரு கம்பெனியின் வங்கிக் கணக்கே திறந்து கிடக்கும் கணினியில் உட்கார, "கொஞ்சம் நகருங்க சார்" என்ற மூன்று சொற்கள் போதுமானவையாக இருக்கின்றன.

அலுவலகத்திலும் யார் உட்கார்ந்தார் என்று பதிவு வைப்பது ஆட்களை வேவு பார்ப்பதாகாதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குடோன் சாவியை யார் வாங்கினார் என்று எழுதிவைப்பதை யாரும் வேவு என்பதில்லை. உண்மையில், பெயரில்லாத இடத்தில்தான் எல்லாரையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பிறகு அந்தப் பழி, வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழுகிறது. நாங்கள் ஒரே குடும்பம் மாதிரி, எங்களுக்குள் எதற்குப் பூட்டு என்பது அடுத்த வாதம். குடும்பத்திலும் பீரோ சாவி யார் இடுப்பில் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே! ஆள் லீவு போட்டால் பில் யார் போடுவது என்பதுதான் கொஞ்சம் கனமான ஆட்சேபம். அதற்குப் பைலைப் பொதுவில் வைத்தால் போதும். பாஸ்வேர்டை வைக்க வேண்டியதில்லை. இந்த வியாதி நம் ஊரோடு நிற்கவில்லை என்பதில் ஓர் ஆறுதல். பிரான்சின் டிவி5மோந்த் தொலைக்காட்சியை 2015 ஏப்ரலில் ஹேக்கர்கள் முடக்கினார்கள். அதைப் பற்றிய பேட்டியிலேயே, பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு சீட்டுகள் ஒளிபரப்பாயின. அவர்களுடைய யூடியூப் பாஸ்வேர்டு, 'யூடியூப் பாஸ்வேர்டு' என்பதன் பிரெஞ்சு.

பிரெஞ்சுக்காரர்களைக் கேலி செய்யப் பாண்டிக்காரர்களுக்கு உரிமை உண்டு. கூடவே கடனும் உண்டு. 1804-ல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம் 1819 முதல் இங்கும் நடப்பில் இருந்தது. அதன் அன்றைய 1384-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தன் பொறுப்பில் உள்ள ஆட்களும் தன் காவலில் உள்ள பொருட்களும் விளைவிக்கும் சேதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர், ஆசிரியர் எல்லாம் "எங்களால் தடுக்க முடியவில்லை" என்று நிரூபித்துத் தப்பலாம். வேலைக்கு ஆள் வைத்தவருக்கு அந்தச் சலுகையை அது எழுதிவைக்கவில்லை. இன்றைய நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு கொஞ்சம் தயவானது. நிறுவனம் குற்றம் செய்தால் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி. ஆனால் தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தான் உரிய கவனம் எடுத்துக்கொண்டதாகவோ நிரூபித்தால் தப்பலாம். நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அடுத்த உட்பிரிவு வருகிறது: மேலாளரின் அலட்சியத்தால் நடந்தது என்றால் அவரும் மாட்டுவார். "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுங்க" என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சூப்பர்வைசர்களே யோசிக்கட்டும். அப்படிச் சொல்பவர்தான் தன் மெயிலைத் திறந்து பதில் போட ஆபரேட்டரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருப்பவரும்.

ஆகவே சூப்பர்வைசர் ஐயா, மானிட்டர் அடியில் இருக்கும் சீட்டை நாளைக்குக் கிழித்துவிடுங்கள். ஆளுக்கொரு கணக்கு தொடங்குங்கள். விண்டோஸ் அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. முதல் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், அதன் பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள், ஒரு விரலால் என்றாலும் பரவாயில்லை.