சங்கரநாராயண இசைக்கோட்பாடும் இரண்டாம் கரண்டிச் சால்னாவும்

பழைய பாட்டு ஹோட்டல்கள் கிராமபோன் வகை, கேசட் வகை, பென்டிரைவ் வகை என மூவகைப்படும். முதலாவது அழிந்தது. இரண்டாவதன் நாடா சிக்கிக்கொண்டது. மூன்றாவதே ஆய்வுக்குரியது: நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றப் பிறந்த இசைத்தட்டு சுவரில் ஆணியடித்துத் தொங்கி, மின்விசிறிக் காற்றுக்கு லேசாக ஆடும், பாட்டோ கல்லாவுக்குப் பின்னால் செருகிய பென்டிரைவிலிருந்து வரும். இதன் தோற்றம் சென்னை என்பாரும் மதுரை என்பாரும் உளர். சங்கரன்கோவிலே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். (முடிவு கிடைத்துவிட்டது, சான்றுகள் பின்னால் வரும். துறையின் வழக்கமும் அதுவே.)

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்கள் வழக்காடியதும், கோமதி அம்மன் தவத்துக்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததும் சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்த்த எவருக்கும் தெரியும். எம்.எஸ்.வி. பெரியவரா, இளையராஜா பெரியவரா என்று பரோட்டா ஆறும்வரை மல்லுக்கட்டும் இருவர் அந்த நாகர்களின் வழித்தோன்றல்களே. இவ்வழக்குக்கும் காட்சி கிடைத்தது: 1986-இல் வந்த ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்தே இசையமைத்தார்கள். வலப்பாகம் யார், இடப்பாகம் யார் என்பதில்தான் ‘பெருஞ்சால்னாச் சூத்திரம்’ (இரண்டாம் கரண்டிப் படலம்), அதன் உரை, அவ்வுரையின் எண்ணெய் படிந்த ஏழாம் பக்கத்து ஓரக்குறிப்பு, அக்குறிப்பைத் துடைத்த மேசைத்துணியின் மறுபக்கத்துப் பாடபேதம் ஆகிய நான்கும் முரண்படுகின்றன. அறிஞர் பெருமக்கள் கடைசியதையே மூலம் என்கிறார்கள்; அது எவர் கைக்கும் எட்டாதது என்பதே காரணம்.

பாட்டுப் போடுவது வியாபாரத்துக்கு, தத்துவத்துக்கு அன்று என மறுப்போர் ஆய்வாளர் ரொனால்ட் மில்லிமனைத் துணைக்கு அழைப்பர். அமெரிக்க உணவகம் ஒன்றில் மெதுவான இசைக்குச் சராசரி 56 நிமிடமும் வேக இசைக்கு 45 நிமிடமும் வாடிக்கையாளர் இருந்தார்கள். சாப்பாட்டுச் செலவு அதிகம் மாறவில்லை, மதுச் செலவே ஏறியது என்று அவர் கண்டார். நம் பரோட்டாக் கடையில் மது ஏது? அந்த 11 நிமிடத்தில் ஏறுவது ஓசியில் ஊற்றும் சால்னாதான். நட்டம் என்று தெரிந்தும் முதலாளி மெல்லிசை போடுகிறார் என்றால் அது தத்துவமன்றி வேறென்ன? மேலும், மில்லிமன் கட்டுரை வெளியான ஆண்டும் 1986. ஆண்டைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதைவிட மெலிந்த ஒட்டில் முனைவர் பட்டங்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

‘ரோஜா’ வந்து 30 ஆண்டு தாண்டிவிட்டதால் ரகுமானும் பழைய பாட்டே என்பது புதுமரபினர் வாதம். கல்லாவில் இருப்பவருக்கு அறுபது கடந்துவிட்டமையால் அது நிலுவையில் உள்ளது.