தனியாள் ஆர்.வி. பயணத்தில் நெகிழ்வு: கழிவுத்தொட்டி நோக்கில் ஓர் ஆய்வு

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக (ஆர்.வி.) ஓட்டிக்கொண்டு தனியே திரிவோரிடம் "அடுத்து எந்த ஊர்?" என்று கேட்டால், "மனம் போன போக்கில்" என்பார்கள். அந்த மனத்தை ஓட்டுவது எது என்பதே இங்கு வினா. விடையை முதலிலேயே உடைப்பது ஆய்வு மரபன்று; ஆனால் தலைப்பு உடைத்துவிட்டது.

முன்னோருள் தலையாயவர் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960-இல் டிரக்கின் முதுகில் ஓர் அறையை ஏற்றி, டான் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்பதை அதற்குச் சூட்டிக் கிளம்பினார். கூடவே சார்லி என்ற நாய். அப்படியானால் அது தனிப்பயணமா என்பார்க்கு விடை: வண்டியைப் பின்னால் எடுக்கும்போது "வா, வா, இன்னும் வா... போதும்!" என்று தட்டிச்சொல்ல நாயால் ஆகாது, ஆகவே தனிப்பயணமே என்க. தனியாள் இறங்கிப் பார்க்க வேண்டும், ஏற வேண்டும், இரண்டடி பின்னால் போக வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். அவ்வளவு நேரமும் பக்கத்து வண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தபடி வேடிக்கை பார்ப்பார்.

நெகிழ்வாளர்க்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. நாளுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், 3 இரவு தங்கு. கெடுபிடியான விடுதி வார்டன்கூட இதைப் படித்தால் கொஞ்சம் தளர்த்துவார். சாலைகளும் தம் பங்குக்குப் பேசும். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு இடமில்லை. வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று பல வண்டிகளின் கூரையை உரித்தெடுத்தது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் இடித்தவர்கள் உண்டு. மனம் போன போக்கு உயரம் பார்ப்பதில்லை.

இவையெல்லாம் துணைக் காரணங்கள். முதற்காரணம் கழிவுத்தொட்டி. அரிசோனாவின் குவார்ட்சைட்டைச் சுற்றியுள்ள அரசுப் பாலைநிலத்தில் சில பகுதிகளில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். சட்டம் 14 நாள் தரும். தொட்டி தர வேண்டுமே! தொட்டி எவ்வளவு நிரம்பியது என அறிவிக்கும் விளக்கும் நம்பத்தக்கதன்று: உள்ளே உணரியில் காகிதம் ஒட்டிக்கொண்டால், காலியான தொட்டியையும் 'மூன்றில் இரண்டு பங்கு' என்று சாதிக்கும். ஆகவே சூரியன் மறையும் திசை நோக்கிக் கிளம்பியவர், கையுறையும் குழாயுமாக, கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் இருக்கும் திசைக்குத் திரும்புகிறார். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசையில் மட்டும் நெகிழ்வு கூடாது.

இருவர் போனால் தொட்டி பாதி நாட்களிலேயே நிரம்பும். தனிமையின் சுதந்திரம் எனப்படுவது இந்தக் கணக்கே.

கழிப்பறைத் தொட்டி வேண்டாத உலர் கழிப்பறை பொருத்திக்கொண்டோர் இம்முடிபை மறுப்பர். அவர்தம் கட்சியை அருகிருந்து ஆராய இக்கட்டுரையாளரின் மூக்கு இசையவில்லை.