தனியாத்தானே வர்றீங்க?

பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் தனிக்கட்டைகளுக்காக இந்த வாரக் கேள்வி-பதில். மருந்து, பூட்டு, நூல், டயர், வங்கிக் கடன் என எதை விற்கிறவராக இருந்தாலும் கேட்கலாம். பதில் சொல்ல உனக்கென்ன தகுதி என்று முந்திக்கொண்டு கேட்டிருக்கிறார் கன்னிவாடி வாசகர் ஒருவர். திண்டுக்கல் லைனில் மருந்துப் பை தொங்கித் தொங்கி ஒரு பக்கம் இறங்கிப்போன தோள் இருக்கிறது ஐயா. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் கீழ் பெர்த்துதான் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு முறையும் மேல் பெர்த்தில்தான் படுக்கிறேன். இது என்ன தோஷம்?
(சென்னையிலிருந்து மாதாமாதம் திண்டுக்கல் வருபவர்)

பதில்: தோஷமெல்லாம் இல்லை. “தம்பி, நீங்க தனியாத்தானே வர்றீங்க?” என்று ஒரு குரல் கேட்கிறதே, அந்த நிமிடமே உங்கள் பெர்த் புறம்போக்கு நிலமாகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் பட்டா கேட்கலாம். முழங்கால் வலிக்கும் அம்மா, கைக்குழந்தையோடு ஒரு அக்கா, குடும்பம் மூன்று பெட்டிகளில் சிதறிப்போன மாமா. மறுத்துப் பாருங்கள், விழுப்புரம் தாண்டும்வரை உங்கள் வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். பேசாமல் ஏறிவிடுங்கள். நஷ்டஈடாகக் கீழிருந்து புளியோதரையோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ மேலே வரும். தனியாக வருகிறவன் சாப்பிட்டிருக்கமாட்டான் என்பது நம் தாய்மார்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. எழும்பூரில் நாலு பரோட்டாவை முடித்துவிட்டு வந்திருந்தாலும் அந்த நம்பிக்கையைக் குலைக்காதீர்கள்.

மேல் பெர்த்தில் ஒரே ஆபத்து, வெளியே எந்த ஊர் என்று தெரியாது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லைத் தொடும்போது விடிந்திருக்காது. 139-இல் முன்பே சொல்லிவைத்தால் ஊர் நெருங்கும்போது போன் அடித்து எழுப்புவார்கள். எழுப்ப ஆளில்லாதவனை ரயில்வேயாவது எழுப்புகிறதே! அதையும் மீறித் தூங்கினால் கொடைரோடு, அதையும் தாண்டினால் மதுரை. பதற வேண்டாம். மதுரையில் ஒரு டீ குடித்துவிட்டு, காலையில் சென்னை கிளம்பும் வைகையில் ஏறித் திரும்பி வாருங்கள். 1977 ஆகஸ்ட் 15-லிருந்து ஓடும் வண்டி அது. உங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கும்!

கேள்வி: லாட்ஜ் ரூமில் ஒற்றை ஆளாகக் கிடப்பதில் என்ன சந்தோஷம் இருந்துவிட முடியும்?
(கூட்டுக் குடும்பஸ்தர், பழநி)

பதில்: உங்கள் வீட்டில் மின்விசிறி எத்தனையில் ஓடுகிறது? அதை முடிவு செய்வது யார்? சரி, விடுங்கள்.

லாட்ஜில் மின்விசிறி ஐந்தில் ஓடும். குறை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கட்டிலில் மூலைக்கு மூலை குறுக்கே படுக்கலாம். ரிமோட்டுக்குப் போட்டியில்லை. பேப்பரை நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள், நடுப்பக்கம் அப்பளம் பொரித்த எண்ணெயோடு கைக்கு வராது. ஈரத்துண்டை நாற்காலி மேல் போடலாம். இதெல்லாம் பெரிய சந்தோஷமா என்று கேட்பீர்கள். சின்னதுதான். ஆனால் வரிசையாக வரும்.

நுணுக்கம் ஒன்று சொல்கிறேன். 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜ்களில் நீங்கள் கையெழுத்துப் போடும் நேரத்திலிருந்து மணி ஓடத் தொடங்கும். பாண்டியனில் இறங்கியவன் இருட்டிலேயே போய்ச் சாவி வாங்கினால் மறுநாள் இருட்டிலேயே காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. அதனால் விவரமானவர்கள் ரயிலடியில் இரண்டு டீயும் ஒரு பேப்பருமாக உட்கார்ந்து, வெயில் எட்டிப் பார்த்த பிறகுதான் நகர்வார்கள். அதிகாலையில் திண்டுக்கல் ஜங்ஷன் பெஞ்சில் தூங்கிவழிகிறவர்கள் எல்லோரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப்பேர் செக்-அவுட் கணக்குப் போடுகிறவர்கள்.

பிறகு அந்த லெட்ஜர். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வந்த நோக்கம் என்ன? உங்கள் ஊர் மலையில் போகர் ஆயுள் முழுக்கத் தவமிருந்து தேடியதை இங்கே ஒரே வரியில், அதுவும் மை தீர்ந்த பேனாவால் எழுதச் சொல்வார்கள். எல்லோரும் “கம்பெனி வேலை” என்றுதான் எழுதுகிறார்கள்.

ஆனாலும் மேசைக்குப் பின்னாலிருக்கும் அண்ணன் தலையைத் தூக்கி, “வாங்க சார், அதே ரூம்தானே?” என்று கேட்கிறார் பாருங்கள், அதுதான் இந்தப் பிழைப்பின் உச்சம். சுற்றுலாக்காரன் ஒரு ஊரை ஒரு தடவை பார்க்கிறான், ஊர் அவனைப் பார்ப்பதேயில்லை. நாம் அதே தெருவை அலுத்துப்போகும் அளவுக்குப் பார்க்கிறோம். பதிலுக்கு, எந்தக் குழாயில் வெந்நீர் முதலில் வரும் என்று தெரிந்த ஒரு ரூம் கிடைக்கிறது.

கேள்வி: தனியாகப் போய்ப் பிரியாணி சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. பார்சல் வாங்கிவிடட்டுமா?
(நூல் வியாபார ஏஜென்ட், திருப்பூர்)

பதில்: திண்டுக்கல்லுக்கு வந்து பார்சலா? ரயிலில் உங்களைக் கவிழ்த்த அதே கேள்வி இங்கே உங்களைத் தூக்கிவிடும் ஐயா. மதியம் கூட்டம் வாசலில் நிற்கும்போது, நாலு பேர், ஆறு பேர் என்று வந்த குடும்பமெல்லாம் மேசை காலியாகக் காத்திருக்கும். உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “சார், நீங்க ஒருத்தர்தானா? வாங்க!” என்பார். குடும்பஸ்தர்களின் பொறாமைப் பார்வை முதுகில் பட உள்ளே நடப்பது இருக்கிறதே, அதற்கே ஒரு பிளேட் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்த ஊரில் 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்றுதான் கடை திறந்தார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகைதான் ஜனங்கள் வாயில் நின்றது. கடைசியில் கடையே அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டது. பிறகு அந்தப் பெயருக்காகக் கோர்ட் வரை வழக்கும் நடந்தது. இன்று கடல் தாண்டியும் கிளைகள் இருக்கின்றன. வேணு பிரியாணிக்கென்று இன்னொரு கட்சியும் ஊரில் உண்டு. எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இரண்டு பக்கமும் கஸ்டமர் இருக்கிறார்கள். அரிசி மட்டும் சீரகச் சம்பாவாக இருக்க வேண்டும். பாசுமதி நீளமாக இருப்பதைத் தவிர வேறென்ன செய்கிறது? சீரகச் சம்பா குட்டையாக இருந்துகொண்டு மசாலா மொத்தத்தையும் குடித்துவிடுகிறது.

தனி ஆளுக்கு இன்னொரு லாபம், நல்லி எலும்புக்குப் பங்காளி கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முன்பின் தெரியாதவர் என்பதால் உறிஞ்சும்போது நாகரிகமும் பார்க்க வேண்டாம். மாதக் கடைசியில் அலவன்ஸ் தீர்ந்திருந்தால் குஸ்கா. கறி இல்லையே தவிர, அதே அண்டா, அதே வாசனை. முக்கியமாக, மருந்து விற்கிறவராக இருந்தால் பிரியாணிக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கப் போகாதீர்கள். காத்திருக்கும் நோயாளிகளுக்கு நடுவே ரெப் குறட்டை விடுவது கம்பெனிக்கு நல்ல பெயர் தராது.

கேள்வி: அம்மா ராத்திரி போன் செய்து “என்ன சாப்பிட்டே?” என்கிறார். உண்மையைச் சொல்லலாமா?
(பெயர் வேண்டாம், அம்மாவும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்)

பதில்: செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, புரட்டாசிச் சனி ஆகிய நாட்களில் “தயிர்சாதம்மா”. மற்ற நாட்களில் உண்மை.

கேள்வி: கம்பெனி என்னைச் சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மாற்றிவிட்டது. என் முன்னேற்றம் முடிந்ததா?
(விற்பனை அதிகாரி, வேளச்சேரி)

பதில்: உங்களுக்கு முன்னால் இப்படி மாற்றலாகி வந்த ஒருவரைச் சொல்கிறேன். மைசூர் அரசு 1755-இல் அவரைத் திண்டுக்கல் ஃபவுஜ்தாராக அனுப்பியது. தலைநகரத்தை விட்டு வெகுதூரம், சுற்றிலும் அடங்காத பாளையக்காரர்கள். அவர்தான் அந்தக் காலத்து வசூல் பிரிவு. ஆறு வருடத்தில், 1761-இல், மைசூரே அவர் கைக்கு வந்துவிட்டது. பெயர் ஹைதர் அலி. தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் இந்தப் பதிலைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேனேஜர் கூடவே வரும் நாளை எப்படிச் சமாளிப்பது?
(மருந்துப் பிரதிநிதி, ஒட்டன்சத்திரம்)

பதில்: காலை நாலரைக்கே காய்கறி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், கேரளா போகும் லாரிகளுக்கு நடுவே நிறுத்துங்கள். மத்தியானமே அவருக்கு மதுரையில் அவசர வேலை வந்துவிடும்.

கேள்வி: பஸ்ஸில் எந்தப் பக்க ஜன்னல்?
(வங்கித் தணிக்கையாளர், ஈரோடு)

பதில்: இது கேள்வி! பழநி லைன் என்றால் போகும்போது இடது பக்கம். கொடைக்கானல் மலைத்தொடர் ரெட்டியார்சத்திரம் தாண்டியும் கூடவே வந்துகொண்டிருக்கும், நடுநடுவே தென்னந்தோப்பு மறைக்கும். மதுரை லைனுக்கும் இடதுதான், சிறுமலை தெரியும். நத்தம் போனால் அதே சிறுமலை வலது பக்கம் வந்துவிடும். பக்கம் மாறி உட்கார்ந்தவர் மாந்தோப்பைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வேடசந்தூர், கரூர் லைனில் எந்தப் பக்கமும் ஒன்றுதான், வெயில் விழாத பக்கமாகப் பாருங்கள். காமராஜர் பேருந்து நிலையத்தில் கண்டக்டரிடம் சீட் கேட்பதற்கு முன் டிரைவரிடம் என்ன பாட்டு என்று கேளுங்கள். இளையராஜா ஓடும் வண்டிக்காக அடுத்த வண்டிவரை நிற்பது தப்பே இல்லை. எட்டு மணிக்கு வரவேண்டிய ஸ்டாக்கிஸ்ட் என்றைக்கு எட்டுக்கு வந்திருக்கிறார்?

கேள்வி: நான் பெண். ஆய்வு வேலையாகத் தனியாக வருகிறேன். லாட்ஜில் “கூட யாரு வர்றாங்க?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
(காப்பீட்டு நிறுவன அதிகாரி, கரூர்)

பதில்: “லேப்டாப்” என்று சொல்லுங்கள். அதற்கும் முழித்தால் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தரமாட்டேன் என்கிறவரிடம் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சாவிதான் வரும்.

மேலே லாட்ஜ் சுகங்களைப் பற்றி நான் அளந்ததெல்லாம் ஆண்பிள்ளைக் கணக்கு என்பது தெரியும். ராத்திரி பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்வதும், ரயிலடியில் விடியும்வரை பேப்பர் படிப்பதும் உங்களுக்கு அவ்வளவு லேசில் வாய்க்காது. ஊர் அந்தக் கடனை உங்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறது. ஆனால் இந்த லைன் பெண்களுக்குப் புதிதல்ல. மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், சின்ன வயதிலேயே விதவையாகி, டெல்லி போய் மருத்துவம் படித்தவர். பிறகு மறுமணம் செய்துகொண்டு, 1947-இல் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1952-இல் ஆத்தூர், 1957-இல் வேடசந்தூர், 1962-இல் திண்டுக்கல் மக்களவை என்று தொகுதி தொகுதியாக நின்று ஜெயித்தார். நாம் இன்று லைன் லைனாகப் பிரித்துக்கொண்டு சுற்றும் அதே ஊர்கள்தான். அந்த அம்மாவிடம் “கூட யாரு?” என்று எவராவது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டவர் அதற்குப் பிறகு யாரையும் கேட்டிருக்கமாட்டார்.

கேள்வி: இத்தனை வருடம் வந்துபோகிறேன், மலைக்கோட்டை ஏறியதே இல்லை. வெட்கமாக இருக்கிறது.
(டயர் விற்பனையாளர், சேலம்)

பதில்: 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. இத்தனை நாள் நின்றது, நீங்கள் டார்கெட் முடிக்கும் மாதம்வரை நிற்காதா?

கேள்வி: தனி ஆள், மாதத்தில் பாதி நாள் வீடு பூட்டியே கிடக்கிறது. திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போகலாமா?
(மென்பொருள் நிறுவனப் பயிற்சியாளர், கோவை)

பதில்: தாராளமாக. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கியதில் இங்கே பட்டறைகள் குறைந்துபோயின. ஆனாலும் 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல்நகர் பக்கம் போனால் லீவரைக் கையால் அராவிப் பொருத்தும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மாங்காய்ப் பூட்டு கேளுங்கள், கையில் எடுத்தாலே கனத்தில் நம்பிக்கை வரும். சின்னதாக இன்னொன்றும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாதாங்கி வைத்த பழைய லாட்ஜ்களில் சொந்தப் பூட்டுப் போடுவது நல்லது. பெட்டியைப் பெர்த்தின் அடியில் சங்கிலி போட்டுக் கட்டவும் ஆகும்.

பூட்டைத் தேர்ந்தெடுப்பதில் சிரமமே இல்லை, இரண்டாவது சாவியில்தான் இருக்கிறது. குடும்பஸ்தன் அதை யோசிக்கவே மாட்டான். தனி ஆள் யாரிடம் கொடுப்பது? ஆபீஸ் நண்பனிடம் கொடுத்தால் வீட்டில் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். தன்னிடமே வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே பையில் தொலையும். அக்கம்பக்கத்தில் வீட்டைவிட்டு அதிகம் நகராத ஒரு பாட்டி இருப்பார், அவரிடம் கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், கேஸ் சிலிண்டரை வாங்கிவைப்பார், நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதைத் தெருவுக்கே சொல்வார். பெண் பார்க்கவும் தொடங்கிவிடுவார். கூலி கேட்கமாட்டார்.

கேள்வி: அந்தப் பாட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து என்ன வாங்கிப் போவது?
(அதே பயிற்சியாளர், மறு தபாலில்)

பதில்: சிறுமலை வாழைப்பழம். தோல் தடிப்பு, உருவம் சின்னது, சீக்கிரம் அழுகாது. சரியாகப் பழுக்காத சீப்பாகப் பார்த்து வாங்கினால் நீங்கள் ஊர் சுற்றி முடித்து வீடு சேரும்போது பதமாக இருக்கும். பழநி லைன் போகிறவரென்றால் பஞ்சாமிர்தம், ஆனால் டப்பா மூடியை நம்பாதீர்கள், தனியாக ஒரு கவரில் கட்டுங்கள். எதுவானாலும் பையில் லேப்டாப் இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஐ.டி. பிரிவில் கேட்கிற கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.