கடைசி ஓர் அங்குலம்

ஊர் அடங்கிய பிறகு போன் போட்டு, "மச்சான், சோக் வெச்ச பேரலா, வெக்காததா?" என்று கேட்கிற மனிதரை என்ன செய்வது? அரியலூர் மைத்துனர்தான். ஏர்கன் வாங்கப் போகிறாராம். பெரம்பலூர்ச் சித்தப்பா சோக் கட்சி. ஆகவே இவர் எதிர்க்கட்சி. நடுவில் நான். அந்த இரண்டு ஊரும் ஒரே மாவட்டமா, தனித்தனியா என்பதையே அரசாங்கத்தால் ஒரே தடவையில் தீர்மானிக்க முடியவில்லை. 2001-இல் பிரித்து, 2002-இல் சேர்த்து, 2007-இல் மறுபடி பிரித்தார்கள். நான் எம்மாத்திரம்? இருந்தாலும் என் தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

சோக் என்றால் குழலின் வாய்ப்பக்கம் கடைசி ஓர் அங்குலம் இம்மியளவு இறுகியிருக்கும். மில்லிமீட்டரை நூறாக்கி அதில் சில பங்கு. ஈயப் பெல்லட் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை அல்லவா, வெளியே விடும் முன் ஒரு பிடி பிடித்து அளவாக்கி அனுப்பும். சோக் இல்லாத குழலும், நல்ல பெல்லட் போட்டு வாய் விளிம்பு பழுதில்லாமல் இருந்தால், நேராகத்தான் சுடும். சித்தப்பாவோ லைசென்ஸ் ரெட்டைக்குழல் வைத்திருந்த காலத்து ஞானத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார். அங்கே சோக், சிதறும் ரவையைக் கூட்டிப் பிடிக்க. இங்கே போவதே ஒற்றைக் குண்டு. சிதற என்ன இருக்கிறது? சொன்னால் கேட்பாரா?

நாமெல்லாம் சுடப் பழகியது திருவிழா பலூன் கடையில்தானே. அந்தக் குழலில் சோக்கா இருந்தது? நேராக இருந்ததா என்பதே சந்தேகம். சிவப்பைக் குறி பார்த்தால் மஞ்சள் வெடிக்கும். மஞ்சளைப் பார்த்தால் தட்டியில் படும். "மூச்சப் புடிச்சிச் சுடுங்கண்ணே" என்பார் கடைக்காரர். பிடித்தால் நமக்குக் கண் இருட்டும். விவரம் தெரிந்தவர்கள் ரெண்டு பலூன் தள்ளிக் குறி வைப்பார்கள். இன்னும் விவரமானவர்கள், முன்னால் சுடுகிறவனைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக் கோணலைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். அதற்குள் கடைக்காரர் துப்பாக்கியை மாற்றிவிடுவார். புதுப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்க, எது வெடித்தாலும் "அதைத்தான் பார்த்தேன்" என்று சொல்லாத ஆண்பிள்ளை இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. எதுவும் வெடிக்காவிட்டால் "கன்னு சரியில்ல". பக்கத்தில் ஒரு பொடியன் அதே கன்னால் வரிசையாக உடைத்துக்கொண்டிருப்பான். அவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

10 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவோ, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனோ குழல் வாயைப் பற்றிக் கவலைப்பட்டால் நியாயம். மைத்துனர் எதைச் சுடப்போகிறார்? மக்காச்சோளக் காட்டு மயிலையா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. ஜாமீனுக்கு என்னைத்தான் கூப்பிடுவார். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் பக்கம் திரும்பவே கூடாது. மிச்சம் காலி பெயின்ட் டப்பா. அதற்கு எந்தக் குழல் என்று நேற்றே சொல்லியிருப்பேன். அதற்குள் பெல்லட் தட்டைத் தலையா, உருண்டைத் தலையா என்று ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா தட்டை என்றாராம். ஆகவே இவர் உருண்டை.